ஒரு பானைப் பற்கள்

பல்லு போனா சொல்லு போச்சு என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதைச் சொன்ன மகராசன் அரியலூர்ப் பக்கம் வந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். அங்கே விழுந்து கிடந்த பற்கள் பேசிய பேச்சுக்கு ஊரே பதில் தேட வேண்டியதாகிவிட்டது.

மாடி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் அவை. ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீளமான கான்கிரீட் தளம். ஏறுவதற்குப் படிக்கட்டு கிடையாது. லைன் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்து அந்தத் தளத்தின் மேல் எறிவார்கள். எறிந்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும். பார்த்தால் புதுப் பல் கோணலாக முளைக்குமாம். லைனில் பாதிப் பேருக்குப் பல் கோணலாக இருந்தது இதனால்தான் என்று கொளஞ்சிநாதன் இன்றைக்கும் சொல்வார்.

கொளஞ்சிநாதன், மண்ணுக்குள் கல்லாகிப்போன எலும்புகளை ஆராய்கிறவர். அறுபதை நெருங்கும் வயதில் ஏணி வைத்து அந்த மாடியில் ஏறி, முட்டி போட்டு, அங்கே படிந்திருந்த மண்ணைச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சாதிக் பாட்சா. லைனில் பக்கத்து வீட்டுப் பிள்ளை, இப்போது பஸ் ஸ்டாண்டு ஓரம் டிபன் கடை வைத்திருக்கிறார்.

"கோடி வருசத்து மிருகத்தத் தோண்டிக்கிட்டிருந்தவன், கடைசில எம் பல்லத் தோண்ட வந்துட்டியேடா மாப்ள" என்றார் சாதிக்.

"எல்லாம் அந்த மிருகத்துக்காகத்தான்டா."

"ஒரே குழியில ஏழும் கெடந்துச்சுன்னு நீதான சொன்ன. அப்பறம் என்ன, கூட்டமாத்தான் வாழ்ந்திருக்கும். இதுக்கு எதுக்கு எங்க பல்லு?"

"பஸ்ஸு கவுந்து செத்தவங்க எல்லாம் ஒரே குடும்பமாடா?"

சாதிக் யோசித்தார். "அது சரி" என்றார்.

அதுதான் வழக்கே. ஆறாம் நம்பர் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது ஏழு டைனோசர்களின் எலும்புகள் கிடைத்தன. ஏழும் கறி தின்னும் ஜாதி, ஒவ்வொன்றும் லாரி நீளம். அவை ஒன்றாக வேட்டையாடி, பகிர்ந்து தின்று வாழ்ந்த கூட்டம் என்று கொளஞ்சி சொன்னார். அதெல்லாம் கிடையாது, சேற்றில் மாட்டிய இரையைத் தின்ன ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக மாட்டிச் செத்தவை என்றது கம்பெனி. கூட்டம் என்று நிரூபணமானால் குழியைப் பாதுகாக்க அரசு சம்மதித்திருந்தது. இல்லையென்றால் வெடி வைத்துவிடுவார்கள். கொளஞ்சி தன் வாழ்நாளில் பாதியை அந்தக் குழிக்குள்தான் கழித்திருந்தார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அந்த ஏழும்தான்.

"மரத்துக்கு வருசத்துக்கு ஒரு வளையம் மாதிரி பல்லுக்கு நாளுக்கு ஒரு அடுக்குடா" என்று மேலிருந்தே விளக்கினார். "அன்னன்னிக்கு என்ன தின்னமோ அது அந்த அடுக்குல தங்கிரும். அத ஒவ்வொண்ணாப் படிக்கத்தான் அடுக்குமானி வந்திருக்கு. ரெண்டு பேரு பல்லு வரிசையா ஒத்துப்போனா, ரெண்டு பேரும் ஒண்ணாத் தின்னவங்க."

அடுக்குமானியைப் பற்றி சாதிக்குக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது வந்த புதிதில் ஊரே பல்லைப் பொத்திக்கொண்டுதான் திரிந்தது. பெண் கொடுக்கும் வீட்டில் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் கடைவாய்ப் பல்லையும் கேட்டார்கள், குடிகாரனா என்று பார்க்க. கோர்ட்டில், ஒரே வீட்டில் இருந்தும் பல வருஷம் தனித்தனியாகச் சாப்பிட்ட தம்பதிகளின் கதை சந்தி சிரித்தது. சைவம் என்று சொல்லிக்கொண்ட பெரிய மனிதர்கள் சிலர் அவசர அவசரமாகப் பல் செட்டுக்கு மாறினார்கள். சாதிக்கின் கடையிலேயே இதைப் பேசிச் சிரிக்காத நாள் இல்லை.

குழியில் கிடைத்த ஏழில் ஆறின் பற்கள் அடுக்குக்கு அடுக்கு ஒத்துப்போயின. ஏழாவது ஒட்டவில்லை. அது சின்ன வயதிலேயே இடுப்பெலும்பு முறிந்து, கோணலாகக் கூடிய உடம்பு. கொளஞ்சி அதை நொண்டி என்றுதான் கூப்பிடுவார், செல்லமாக. நொண்டி வெளியாள், ஆகவே மற்றதும் தற்செயல், உங்கள் யந்திரத்தையே நம்ப முடியாது என்று கம்பெனி வக்கீல் மடக்கினார். விசாரணை நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதி கலாவதி ஒரு வழி சொன்னார். ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் என்று ஊரறிந்த மனிதக் கூட்டம் ஒன்றின் பற்களை யந்திரத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாரையும் ஒரே கூட்டம் என்று அது சொன்னால் அதன் பேச்சை ஏற்கலாம்.

கொளஞ்சி அந்தக் கணமே எழுந்து, "எங்க லைன் பிள்ளைங்க இருக்காங்க" என்றார்.

அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது சுரங்கத்தில் வேலைநிறுத்தம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. தலைமை தாங்கியவர் அவருடைய அப்பா, தோழர் பூமாலை. லைனுக்கு நடுவே வேப்பமரத்தடியில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். வெளியூர்ச் சங்கங்கள் அனுப்பிய நொய்யரிசியில் பெரிய அண்டா நிறையக் கஞ்சி, தொட்டுக்கொள்ளப் புளியந்துவையல். "போராட்டம் முடியற வரைக்கும் என் வீட்டுல தனி அடுப்பு எரியாது" என்று பூமாலை எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை வைத்துத்தான் பிறகு அவர் பெயரில் மன்றமே கட்டினார்கள்.

பசிதான் அது, சந்தேகமில்லை. ஆனால் கொளஞ்சிக்கு வாழ்க்கையிலேயே ருசியான வருஷம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, வரிசையில் சாதிக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, யார் மடியில் உட்கார்ந்து குடிக்கிறோம் என்றே தெரியாமல் குடிப்பது. எல்லாரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ சாப்பிட்டாயிற்று, அந்தக் கஞ்சியின் வாசனை மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு குடும்பம் மட்டும் அந்தப் பானைக்கு வெளியே இருந்தது. லூர்துசாமி. போராட்டத்தை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போன கருங்காலி. போராட்டம் ஜெயித்த அன்றைக்கு, அவர் வீட்டுச் சாமான்களைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். மாட்டு வண்டியில் பெண்டாட்டி செசிலியும் மகள் அடைக்கலமேரியும் ஏறிப் போனதைக் கொளஞ்சி அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தார்.

அந்த அடைக்கலமேரிதான் இன்றைக்கு நாட்டிலேயே அடுக்குமானியைச் சரியாகப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர். நீதிபதி அவரைத்தான் நியமித்திருந்தார். கம்பெனிக்குப் பரம சந்தோஷம், பூமாலை மகனுக்கு லூர்துசாமி மகள் எப்படி நல்லது செய்வாள் என்று. மேரி வந்த நாளிலிருந்து கொளஞ்சியிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்க, போங்க, இதுல வைங்க, அவ்வளவுதான். அவர் மேல் தப்பில்லை என்று கொளஞ்சிக்குத் தெரியும், அதனால் அவரும் பேசவில்லை.

சல்லடையில் கிடைத்த பற்களை, லைனில் வளர்ந்து இன்னும் உயிரோடிருக்கிறவர்களின் எச்சிலோடு ஒப்பிட்டு எது யாருடையது என்று பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில், பெரிய திரையில் முடிவு ஓடியது. சாதிக், தையல்நாயகி, செல்வமணி என்று ஒவ்வொரு பெயராக வந்தது. எல்லாமே அச்சில் வார்த்த மாதிரி ஒரே வரிசை. பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத்துக்காரர்கள் கை தட்டினார்கள்.

கடைசியாகக் கொளஞ்சியின் பல். அது ஒட்டவில்லை. அந்த வருஷத்தின் பாதிக்கு மேல், மற்றவர்கள் பல்லில் இல்லாத ஒன்று அவர் பல்லில் நாள் தவறாமல் இருந்தது.

"என்னம்மா அது?" என்று நீதிபதி கேட்டார்.

"முட்டை" என்றார் மேரி. அவர் கொளஞ்சியைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் மெதுவாக எழுந்தார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. ஊரே கஞ்சி குடிக்கிறப்ப தலைவர் வீட்டுப் பிள்ளைக்கு முட்டை. ஒண்ணு, இந்த மெஷின் பொய் சொல்லுது. இல்லன்னா தோழர் பூமாலை செஞ்ச சத்தியம் பொய். எது பொய்னு ஐயாவே சொல்லட்டும். நாங்க ஏத்துக்கறோம்."

அடுத்த அமர்வில் பதில் சொல்லச் சொல்லி நீதிபதி ஒத்திவைத்தார். யந்திரம் பொய் என்றால் குழி போகும். சத்தியம் பொய் என்றால் அப்பா போவார்.

கொளஞ்சி நேராக சாதிக்கின் கடைக்குப் போனார். மத்தியானக் கூட்டம் கலைந்து கடை காலியாக இருந்தது.

"எங்கம்மா தனியா ஒல வெச்சுச்சாடா?"

சாதிக் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "வெக்கல" என்றார்.

"அப்பறம் எம் பல்லுல முட்டை எப்டிடா வந்துச்சு? எனக்கு நெனப்பே இல்லியே."

"உக்காரு மொதல்ல. லைன்ல எல்லாருக்கும் தெரியும்டா. தெரியாதது ரெண்டே பேருக்குத்தான், ஒனக்கும் ஒங்கப்பாவுக்கும். ஒனக்கு அப்ப பிரைமரி காம்ப்ளக்ஸ், சின்னப் புள்ளைங்களுக்கு வர்ற டி.பி. எலும்பும் தோலுமா இருந்த. மாத்திர மட்டும் பத்தாது, தெனம் முட்டை குடுத்தாத்தான் புள்ள நிக்கும்னு பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்கப்பா கேக்கல. எம்புள்ளைக்கு ஒரு சோறு, தொழிலாளி புள்ளைக்கு ஒரு சோறான்னுட்டாரு. அவரு அப்டித்தான், ஒனக்குத் தெரியாதா. அப்பறம் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசி, அவருக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணாங்க. ஒங் கஞ்சியில மட்டும் முட்டைய மசிச்சுக் கலந்துருவாங்க. கேட்டா மருந்துக் கஞ்சி."

மருந்துக் கஞ்சி. அது கொளஞ்சிக்கு ஞாபகம் இருந்தது. லேசான மஞ்சள் நிறம், மஞ்சள்தூள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினார்.

"வாயத் தொறந்தா நாக்கறுத்துருவேன்னு எங்கம்மா எங்கள மெரட்டி வெச்சிருந்துச்சு" என்றார் சாதிக்.

"முட்டை ஏதுடா? லைன்ல கோழி எல்லாத்தையும் அதுக்குள்ள வித்துத் தின்னாச்சே."

"சம்பளம் வர்ற வீட்லதானடா கோழிக்குத் தீனி இருக்கும்."

லைனில் சம்பளம் வந்த வீடு ஒன்றே ஒன்றுதான்.

"செசிலிம்மா தெனம் கொல்லப்பக்கமா வந்து எங்கம்மாகிட்ட குடுக்கும். எங்கம்மா முந்தானையில முடிஞ்சு ஒங்கம்மாகிட்ட கொண்டுபோவும். பகல்ல தெருவுல பாத்தா ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. கருங்காலி வீடாச்சே" என்றார் சாதிக்.

அந்த மாட்டு வண்டி போன அன்றைக்கு லைனே விருந்து சாப்பிட்டது. கொளஞ்சியின் அம்மா மட்டும் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். சாதிக் டீ வைத்தார், அது ஆறியது.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்தில் மேரி தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். கொளஞ்சி வாசலிலேயே நின்றார்.

"எனக்குத் தெரியாது மேரி."

"என்ன தெரியாது?"

"முட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு. முட்டைன்னே தெரியாது. நேத்து சாதிக் சொல்லித்தான் தெரியும்."

மேரி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. "தெரியும்னுதான் இத்தன வருசமா நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்" என்றார். "எங்கப்பா தைரியசாலி இல்ல. பயந்துதான் வேலைக்குப் போனாரு. அத நான் நாயம்னு சொல்ல வரல. ஆனா அந்தப் புள்ள பொழைச்சிருச்சான்னு எங்கம்மா ரொம்ப வருசம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ பெரிய ஆளாகி, டிவியில வந்து கஞ்சித்தொட்டி, ஒரே பானைன்னு உருகி உருகிப் பேசின. ஒவ்வொரு தடவையும் எங்கம்மா டிவி முன்னாடி போய் உக்காந்துக்கும், இப்ப சொல்லும் பாருன்னு. நீ ஒருநாளும் சொல்லல. நன்றிகெட்டவன்னு ஒன்ன நான் திட்டாத நாளில்ல."

அவர் நீ என்று பேசுவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கொளஞ்சி அழுதார். மேரி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சரி, அழுதது போதும். இங்க வா, ஒண்ணு காட்டறேன்" என்று திரையைத் திருப்பினார். "நேத்து ஒம் பல்லப் படிச்சப்பதான் எனக்கே பொறி தட்டுச்சு. ஒங்க நொண்டியத் திரும்பப் படிச்சேன். ஒரே சாப்பாடான்னு மட்டுந்தான் இதுவரைக்கும் மெஷின்கிட்ட கேட்டிருக்கோம். ஒரே நாள்ல சாப்பிட்டாங்களா, ஒரே எரையத் தின்னாங்களான்னு கேக்கவே இல்ல. பாரு. மத்த ஆறும் தின்ன நாள்லதான் இதுவும் தின்னுருக்கு. அதுங்க பட்டினி கெடந்த நாள்ல இதுவும் பட்டினி. அதே எரைதான், ஆனா இது தின்னது வெறும் ஈரல்."

"ஈரலா?"

"வருசக்கணக்கா ஈரல். நீயே சொல்லு, எர விழுந்தா ஈரலத் திங்கறது யாரு?"

"மொதல்ல பாயறவன். பலசாலி" என்றார் கொளஞ்சி. சொல்லிவிட்டுத் திரையை நெருங்கிப் பார்த்தார். இடுப்பொடிந்த ஜீவன், ஓடத் தெரியாது. மற்ற ஆறும் ஒதுங்கி நின்று இடம் கொடுக்காமல் அதற்கு ஈரல் கிடைத்திருக்க வழியே இல்லை. நொண்டி ஒட்டாமல் போனது வெளியாள் என்பதால் அல்ல.

"இத வக்கீல் ஒத்துக்கணும்னா அவரு கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லணும்" என்றார் மேரி. "ஒங்கப்பாவ என்ன பண்ணப் போற?"

அடுத்த அமர்வில் அரங்கு நிரம்பி வழிந்தது. பூமாலை மன்றத்திலிருந்து பழைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். யந்திரம் பொய் என்று சொல்லிவிடுங்கள், தோழர் பெயர் முக்கியம் என்று வாசலிலேயே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொளஞ்சி எழுந்தார். "மெஷின் பொய் சொல்லல" என்றார். "எங்கப்பாவும் பொய் சொல்லல. எங்க வீட்டு அடுப்பு எரியல. ஆனா அவரு செஞ்ச சத்தியத்துக்குள்ள நான் செத்திருப்பேன். ஊரே சேந்து அவரு கண்ணுல மண்ணத் தூவி என்னக் காப்பாத்துச்சு. நான் தின்ன ஒவ்வொரு முட்டையும் நாங்க கருங்காலின்னு தொரத்தி விட்ட லூர்துசாமி வீட்டு முட்டை. அந்த வீட்டு உப்பத் தின்னு வளந்தவன் நான். இத்தன நாளா இது எனக்குத் தெரியாது."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. மன்றத்துக்காரர்களில் ஒருவர் எழுந்து, "பெத்த அப்பன் பேர சந்திக்குக் கொண்டாந்துட்டியே, நல்லா இருப்பியா" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள். அவர்களில் பலர் கொளஞ்சியைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள் போவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு மேரி நொண்டியின் பல்லையும் கொளஞ்சியின் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கினார். எல்லாருக்கும் ஒரே சோறு போடுவது மட்டும் கூட்டத்துக்கு அடையாளம் இல்லை, முடியாதவனுக்கு வேறு சோறு போடுவதுதான் பெரிய அடையாளம் என்றார். வக்கீல் ஏதேதோ கேட்டார். நீதிபதி கலாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஆறாம் நம்பர் குழியில் இனி வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு சொன்னார்.

எல்லாரும் கலைந்து போன பிறகு மேரி யந்திரத்தைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். கொளஞ்சி ஒரு பக்கம் பிடித்தார்.

"நாங்க ஊர விட்டுப் போற வாரம் எனக்கும் ஒரு பல்லு விழுந்துச்சு" என்றார் மேரி. "நீ அரிச்ச மண்ணுலயே அதுவும் இருந்துச்சு. யாருக்கும் காட்டல. பாக்கறியா?"

திரையில் அவருடைய அடுக்குகளும் கொளஞ்சியின் அடுக்குகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடின. அதே வருஷம், அதே நாட்கள். கொளஞ்சியின் பல்லில் முட்டை இருந்த ஒவ்வொரு நாளும் மேரியின் பல்லில் வெறும் சோறு. ஒரு நாள்கூட விடவில்லை.

"எங்க வீட்ல நாளைக்குக் கெடச்சது ஒரே ஒரு முட்டை" என்றார் மேரி.

கொளஞ்சி கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டார்.

"ஒனக்கு முட்டை புடிக்குமா மேரி, அப்ப?"

"ரொம்பப் புடிக்கும்" என்றார் மேரி.